சம்பந்தி வீட்டார் கோவிலுக்கு வருகிறார்கள், என்ன உடுத்தச் சொல்லட்டும்?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த ஜெர்மன் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது. வரும் ஜனவரியில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வருகிறார்கள். பெற்றோருக்கு இதுதான் முதல் பயணம். மதுரை, தஞ்சாவூர், சிதம்பரம், திருச்செந்தூர், கடைசியில் திருவனந்தபுரம் என்று போட்டிருக்கிறோம். கோவிலில் என்ன உடுத்த வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும், எங்களால் யார் மனமும் புண்படக் கூடாது என்று சம்பந்தியம்மா இப்போதே கேட்டு எழுதியிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தால் பாதி விஷயத்துக்கு எனக்கே காரணம் சொல்லத் தெரியவில்லை. சம்பந்திக்கு முழங்கால் வலி வேறு. எல்லாவற்றையும் விட, வாசலில் நிறுத்தி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். மாப்பிள்ளை முருகன் மேல் ரொம்பப் பிரியம் வைத்திருப்பவர். அவரையாவது உள்ளே விடுவார்களா? இன்னொன்றும் மகள் கேட்கச் சொன்னாள்: பயண நாட்களில் மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது?
வாசகி, திருப்பூர்

பதில் தருபவர்: மதுரையைச் சேர்ந்த, உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. 24 ஆண்டுகளாக ஜெர்மன் பேசும் பயணிகளைத் தென்னிந்தியக் கோவில்களுக்கு அழைத்துச் செல்பவர்.

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சம்பந்தியம்மா விமானம் ஏறுவதற்கு இத்தனை நாள் முன்பே இதைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று படித்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் அழைத்துப் போகும் விருந்தினர்களில் பலர், வேனை விட்டு இறங்கிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த பிறகுதான் குனிந்து தங்கள் அரைக்கால் சட்டையைப் பார்ப்பார்கள்.

உங்கள் பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வாசலில் ஒருவரை நிறுத்துவதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று உடை, இன்னொன்று மதம். நாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். புடவை கட்டிப் பூவும் பொட்டும் வைத்துவிட்டால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று விருந்தினரை நம்ப வைத்து அழைத்து வரும் குடும்பங்களை மதுரையில் அடிக்கடி பார்க்கிறேன். கொடிமரத்தைத் தாண்டும் இடத்தில் காவலர் கையை நீட்டுவார். அந்த வெளிநாட்டு அம்மா உடனே தன் முந்தானையைச் சரிசெய்வார், மடிப்பைத் தடவிப் பார்ப்பார். தன் புடவையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு முகம் சிவந்து நிற்பார். தப்பு அவருடையது இல்லை. அழைத்து வந்த நாம் சொல்லாமல் விட்டதுதான்.

அதனால் மதம் சம்பந்தப்பட்ட விதியை அவர்கள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மீனாட்சி கோவிலில் பொற்றாமரைக் குளம், சுற்றுப் பிராகாரங்கள், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் யாரும் பார்க்கலாம். அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் உள்ளே போகும் இடத்தில் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். தமிழ்நாட்டின் பல பெரிய கோவில்களில் இதுதான் நிலைமை. 2024 ஜனவரியில் பழனி கோவில் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்கச் சொன்னது. அதே தீர்ப்பில் உங்கள் மாப்பிள்ளைக்கு வேண்டிய செய்தியும் இருக்கிறது. வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை வைத்து வந்தால், நம்பிக்கை உண்டு, கோவில் வழக்கத்தை மதித்து நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் குறித்து, அவரை அனுமதிக்கலாம். திருப்பதியிலும் இப்படி உறுதிமொழி எழுதிக் கொடுக்கும் முறை உண்டு. மாப்பிள்ளை முருகனை மனதார நம்புகிறார் என்றால் திருச்செந்தூரில் முதல் வேலையாகக் கோவில் அலுவலகத்துக்குப் போய், விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். வரிசையில் நின்று கடைசியில் காவலரோடு வாதம் செய்வதை விட அதுதான் மரியாதை. சம்பந்தி இருவருக்கும் இதைச் செய்யாதீர்கள். பார்க்க வந்தவர்களிடம் நம்பிக்கை உண்டு என்று எழுதி வாங்குவது அவர்களையும் சங்கடப்படுத்தும், அந்தப் பதிவேட்டுக்கும் அர்த்தம் இல்லாமல் போகும்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலை நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும். அங்கே இந்துக்கள் மட்டும் என்ற விதி கண்டிப்பானது. சம்பந்தி வீட்டாரால் கோபுரத்தையும் பத்மதீர்த்தக் குளத்தையும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். பக்கத்திலேயே இருக்கும் குதிரை மாளிகை அரண்மனையை அவர்களுக்குக் காட்டுங்கள். அப்போது வீட்டு ஆள் ஒருவர் அவர்களுடன் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு நேரம், மகள் ஒரு நேரம் என்று மாறி மாறி உள்ளே போய் வாருங்கள். "இங்கேயே உட்கார்ந்திருங்கள், அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு மொத்தக் குடும்பமும் உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த விருந்தினர் ஊருக்குப் போய்ச் சொல்லப்போவது அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான்.

சரி, உடைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் எல்லாக் கோவிலுக்கும் பொதுவான ஒரே உடை விதி கிடையாது. 2015 நவம்பரில் மதுரைக் கிளை ஒரு பட்டியல் கொடுத்தது. ஆண்களுக்கு வேட்டி சட்டை, பைஜாமா, அல்லது சாதாரண பேன்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டும் என்றார்கள். அந்த மாதமே அதற்குத் தடை வந்துவிட்டது. ஆனாலும் பல கோவில் வாசல் பலகைகளில் ஏறக்குறைய அந்தப் பட்டியலைத்தான் இன்றைக்கும் பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு தயாரானால் நீங்கள் போகும் தமிழ்நாட்டுக் கோவில் எதிலும் உடைக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள்.

காரணம் கேட்டீர்கள். என் விருந்தினர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். கோவிலில் உங்கள் உடம்பு என்னென்ன செய்யப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். உயரமான நிலைப்படியைத் தாண்டும், குனியும், கல் தரையில் சம்மணம் போடும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும், கூட்டத்தில் முன் பின் தெரியாதவர்களோடு உரசி நிற்கும். இவ்வளவும் செய்யும்போது துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் கண் மூடி நிற்பவருக்கும் கவனம் சிதறக் கூடாது. இதைச் சொன்னால் ஜெர்மன்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தோளும் முழங்காலும் மூட வேண்டும் என்று மட்டும் சொன்னால், முழங்கால் மூடிய, ஆனால் உட்கார்ந்தால் தொடை வரை ஏறிவிடுகிற பாவாடையோடு வந்து நிற்பார்கள்.

சம்பந்தியம்மாவுக்குப் புடவை கட்டாயம் இல்லை. முழங்கை வரை கை வைத்த பருத்திச் சுடிதாரும் அகலமான துப்பட்டாவும் போதும். கணுக்கால் வரை வரும் பாவாடையும் மேலே தொளதொளப்பான சட்டையும் ஒரு சால்வையும்கூடச் சரிதான். ஆசையாகப் புடவை கேட்டால் தாராளமாகக் கட்டிவிடுங்கள், ஆனால் பட்டு வேண்டாம். முதல்முறை கட்டுகிறவருக்குக் காஞ்சிபுரம் பட்டு கனம். மதுரைச் சுங்குடி வாங்கிக் கொடுங்கள், மெத்தென்று இருக்கும், நழுவாது. கட்டும்போது ஒன்று கவனியுங்கள். கல்யாண வீட்டுக்குக் கட்டுவது போலத் தரையைத் தொடக் கட்டாதீர்கள், இரண்டு விரல் அளவு தூக்கிக் கட்டுங்கள். கோவில் தரையில் எண்ணெய் இருக்கும், அபிஷேகத் தண்ணீர் இருக்கும். நனைந்த கொசுவம் காலில் சுற்றி நிலைப்படியில் தடுக்கிவிடும். கொசுவத்தில் ஒரு பின், தோளில் ஒரு பின், இடுப்பில் ஒரு பின். முந்தானையை நீளமாகத் தொங்க விடாமல் சுற்றி இழுத்துச் செருகுங்கள். விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் தொங்கும் முந்தானை ஆபத்து.

சித்திரை வீதிக் கடைகளில் சால்வை வாங்கினால் அச்சைப் பார்த்து வாங்குங்கள். ஓம் என்றும் விநாயகர் படம் என்றும் அச்சடித்த சால்வைகள் வெளிநாட்டவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஒருமுறை என் குழுவில் ஒரு பெண் முழங்காலை மூடச் சொன்னதும் ஓடிப்போய் அப்படி ஒன்றை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். சாமி பெயர் எழுதிய துணியை இடுப்புக்குக் கீழே கட்டலாமா என்று பூக்காரப் பாட்டி என்னைத்தான் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு விவரம் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து குழு வருவதற்கு முன்னால் வெறும் கரை போட்ட துண்டுகளை நானே வாங்கி வைத்துவிடுகிறேன்.

சம்பந்திக்கு லேசான பருத்தி பேன்ட், முழுக்கைச் சட்டை போதும். வேட்டி கட்டிப் பார்க்க ஆசை என்றால் ஒட்டிக்கோ வேட்டி எடுத்துக் கொடுங்கள், பாதி வழியில் அவிழும் என்ற பயம் இருக்காது. மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு விஷயம் சொல்லிக் கொடுங்கள். தெருவில் நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டலாம். கோபுர வாசலில் நுழையும்போது இறக்கிவிட வேண்டும். தோளில் துண்டு இருந்தால் சந்நிதி முன்னால் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது பழைய மரியாதை. எங்கள் தாத்தா செய்வார். இப்போது செய்பவர்கள் குறைவு. ஒரு வெள்ளைக்காரர் அப்படிச் செய்வதைப் பார்த்துவிட்டு ஓதுவார் ஒருவர் பாடுவதை நிறுத்தாமலே அவரைப் பார்த்துத் தலையசைத்ததை நான் மறக்க மாட்டேன்.

திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சிதம்பரத்தில் கனகசபை மேல் ஏறும் ஆண்களும் அப்படித்தான். கன்னியாகுமரி, சுசீந்திரம் பக்கம் போனாலும் அதே வழக்கம். திருவனந்தபுரத்தில் ஆண்களுக்குப் பேன்ட்டும் ஆகாது, வேட்டி மட்டும்தான். பெண்களுக்குப் புடவை அல்லது கேரளப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்தும் முண்டும் நேரியதும். சுடிதார் போட்டிருந்தால் அதன் மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள், வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். 2016 இறுதியில் சுடிதாரை அனுமதித்து ஒரு உத்தரவு வந்தது. கோவில் வழக்கத்தில் தந்திரியின், அதாவது தலைமைப் பூசாரியின், முடிவே இறுதி என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அது நிற்கவில்லை. உங்கள் மகளிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

சட்டை கழற்றுவது ஏன் என்று சம்பந்தி கண்டிப்பாகக் கேட்பார். இறைவன் முன்னால் பகட்டு இல்லாமல் நிற்பது என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லி வந்தேன். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூணூல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வழக்கம் வந்தது, அதை விட்டுவிட வேண்டும் என்று கேரளத்தில் நாராயண குருவின் வழி வந்த சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா 2024 டிசம்பர் 31 அன்று பொது மேடையில் சொன்னார். கேரளத்தில் இன்னும் இது பேச்சாக இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள். கேட்கிற விருந்தினருக்கு நாம் பூசி மெழுகாமல் பதில் சொல்வது நல்லது. நம் ஊர்க் கோவில் வாசலில் யாரை விடுவது என்ற கேள்வி துணியோடு நின்றதில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரை மீனாட்சி கோவிலுக்குள் அழைத்துப் போகும் வரை, எவ்வளவு சுத்தமாக உடுத்தி வந்தாலும் அந்த மக்களுக்கு உள்ளே இடமில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் உடை விதியை நான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். விதி எளியவரைத் துரத்தும் கம்பாக மாறிவிடக் கூடாது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊரின் பெரிய கோவிலில் நடந்தது இது. தோளில் ஒரு வாழைத்தாரோடு ஒரு பெரியவர் வந்தார். கைலி கட்டியிருந்தார். தோட்டத்தில் முதல் தார், சாமிக்குக் கொண்டுவந்தேன் என்றார். கைலியோடு விட முடியாது என்று வாசலில் இருந்தவர் சத்தம் போட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தாரை இறக்கிப் படியில் வைத்துவிட்டு, வாசலிலேயே கும்பிட்டுத் திரும்பிவிட்டார். விருந்தினருக்காக நான் பையில் வைத்திருந்த வேட்டி நினைவுக்கு வந்து, பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன். கைலி மேலேயே சுற்றிக்கொண்டு உள்ளே போய் வந்தார். வேட்டியை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஓரத்தில் அவர் விரலில் இருந்த குங்குமம் ஒட்டியிருந்தது. இன்றைக்கும் என் பையில் இரண்டு வேட்டியும் இரண்டு துப்பட்டாவும் இருக்கும். உங்கள் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவருக்கு உதவும்.

இனி நடந்துகொள்ளும் விதம். இதை உள்ளே போய்ச் சந்நிதி முன்னால் நின்று விளக்காதீர்கள். நான் எல்லாக் கதையையும் வெளியே குளத்துப் படியில் உட்கார வைத்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உள்ளே நடப்பேன். உள்ளே பேச்சு குறைய வேண்டும்.

செருப்பை வெளியே காப்பகத்தில் விடுவது எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலில் நடந்து பழகாதவர்களுக்குக் கல் சுடும் என்பதுதான் நமக்கு மறந்துபோகும். ஜனவரியிலும் பதினோரு மணி வெயிலில் தஞ்சாவூர்ப் பெரிய கோவில் முற்றத்தில் நடக்க முடியாது. காலை ஏழு மணிக்கோ மாலை நான்கரைக்கு மேலோ போங்கள். நடுவில் நடையும் சாத்தியிருக்கும். அந்தக் கோவிலைப் பற்றி ஒன்று. தொல்லியல் துறை பராமரிப்பு, யுனெஸ்கோ பட்டியல் என்று கேட்டதும் விருந்தினர்கள் அதை அருங்காட்சியகம் போல நினைத்துவிடுகிறார்கள், உடையிலும் அந்த அலட்சியம் தெரியும். ராஜராஜன் 1010ல் குடமுழுக்குச் செய்த கோவிலில் இன்றைக்கும் தினமும் பூஜை நடக்கிறது என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். நம்மவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தால் காரணம் அவர்களுக்கே புரியும். பிராகாரத்தை வலப்பக்கம் சந்நிதி இருக்கும்படி சுற்ற வேண்டும். சிவன் கோவிலில் நந்திக்கும் சுவாமிக்கும் நடுவில் குறுக்கே போகாமல், ஓரமாக நிற்க வேண்டும். நடுவில் நின்றால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பதும் ஒரு காரணம், உயரமான ஜெர்மன்காரர்களுக்கு இதை நான் தனியாகவே சொல்வேன். கும்பிட்டு முடித்ததும் பட்டென்று முதுகைக் காட்டித் திரும்பாமல் இரண்டு அடி பின்வாங்கித் திரும்பச் சொல்லுங்கள். விழுந்து கும்பிடுவது கொடிமரத்துக்கு முன்னால்தான். கோவிலுக்குள் மனிதர் காலில் விழும் வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை பாசத்தில் உங்கள் காலைத் தொட வந்தால், வீட்டுக்குப் போய் என்று சொல்லிவிடுங்கள்.

பிரசாதம் வாங்குவதைச் சொல்லிக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சம்பந்தி இருவரும் சந்நிதி வரை போக முடியாமல் போனாலும் நீங்கள் கொண்டுவந்து கொடுப்பீர்கள் அல்லவா, அதனால் வீட்டிலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். வலது கை மேலே, இடது கை அதைத் தாங்கிக் கீழே. தீர்த்தத்துக்கு உள்ளங்கையைக் குழித்து, சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டு, மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். பெருமாள் கோவிலில் சடாரி வைக்கும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக் குனிய வேண்டும். ஆரத்தித் தட்டில் காசு போடுவது அவரவர் விருப்பம். அர்ச்சகருக்குக் கை கொடுக்கக் கை நீட்டக் கூடாது, இது ஐரோப்பியர்களுக்குத் தன்னையறியாமல் வரும். கேரளத்தில் சந்தனத்தைக் கையில் படாமல் போடுவார்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நெற்றியில் இட்டது போக மிச்சம் இருக்கும் விபூதியை என்ன செய்வது? இங்கே விருந்தினரை விட நம்மவர்களுக்குத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தூணில் கொட்டுகிறோம், சிற்பத்தின் மடியில் வைக்கிறோம், அங்கேயே சூடம் ஏற்றுகிறோம். மீனாட்சி கோவிலின் கம்பத்தடி மண்டபத்தில் ஒரே கல்லில் நுணுக்கி நுணுக்கிச் செதுக்கிய சிற்பங்கள் இருக்கின்றன. பல கோவில்களில் அப்படிப்பட்ட சிற்பங்களின் விரல் இடுக்குகளில் எண்ணெயும் திருநீறும் சேர்ந்து கெட்டியாக அப்பிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு வெளிநாட்டுப் பையன் நம்மைப் பார்த்துத் தூணில் குங்குமத்தைத் தேய்த்தால் அவனை என்ன சொல்வது? பழைய காலண்டர் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஆளுக்கு இரண்டு கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சம்பந்தியம்மா அந்தப் பொட்டலத்தை ஜெர்மனி வரை கொண்டுபோனாலும் போவார். அதேபோல் சண்டிகேசுவரர் முன்னால் நம்மவர்கள் துணியிலிருந்து நூல் பிரித்துப் போடுவது, காது கிழியக் கைதட்டுவது எல்லாம் வேண்டாம். சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று இரண்டு கையையும் மெல்லத் துடைத்துக் காட்டினால் போதும்.

செல்போன் உள்ளே கூடாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு மீனாட்சி கோவிலில் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டின் எல்லாக் கோவில்களிலும் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போன் இல்லாமல் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அவர்கள் தவித்துப்போவார்கள். அதனால் எங்கே காத்திருப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதுரையில் நான் பொற்றாமரைக் குளத்தின் படியைத்தான் சொல்வேன். விடுதியின் பெயரையும் உங்கள் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போட்டுவிடுங்கள். படம் எடுக்கலாம் என்று இருக்கும் இடங்களிலும் குளிக்கும் பெண்கள், மொட்டை போடும் குழந்தைகள், கண்ணீரோடு நிற்பவர்கள் பக்கம் கேமரா திரும்பக் கூடாது.

சம்பந்தியின் முழங்காலுக்குப் பெரிய கோவில்களில் சக்கர நாற்காலி கிடைக்கும், வாசலில் கேளுங்கள். தரையில் உட்கார முடியாவிட்டால் தூண் அடியில் இருக்கும் மேடையில் உட்காரட்டும், காலைச் சந்நிதிப் பக்கம் நீட்டாமல் இருந்தால் சரி. அப்புறம் ஜனவரி மாதம் என்கிறீர்கள். பொங்கல் விடுமுறை, ஐயப்ப பக்தர்கள், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை வருபவர்கள் என்று எங்கும் நெரியும். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன நாளைத் தவிர்த்துவிடுங்கள். அழகான நாள்தான், ஆனால் அந்தக் கூட்டம் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது.

மகள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் கோவிலுக்குப் போகாமல் இருப்பது நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் வழக்கம். வாசலில் அதை யாரும் கேட்பதில்லை. போவதா வேண்டாமா என்பது அவளே முடிவு செய்ய வேண்டியது. அவள் என்ன முடிவு செய்தாலும் மாமனார் மாமியார் முன்னால் அதைப் பேச்சாக்காதீர்கள். முடிந்தால் பயணத்தில் ஒரு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு யோசனை. அவர்கள் டோர்ட்முண்ட்காரர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பக்கத்தில் ஹம் நகரத்துக்குப் போய் வரட்டும். அங்கே ஈழத் தமிழர்கள் கட்டிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது, 2002ல் குடமுழுக்கு ஆனது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடுவார்கள். செருப்பைக் கழற்றுவது, கோபுரத்துக்குள் நுழைவது, கையில் திருநீறு வாங்குவது எல்லாம் தங்கள் ஊர்க் குளிரிலேயே ஒருமுறை பழகிவிட்டால், மதுரையில் பதற்றம் பாதியாகிவிடும்.

மதுரைக்கு வரும் நாளில் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள், அன்று ஒரு நாள் சைவமாகவே இருக்கட்டும். ஒன்பது மணிக்குக் கோவிலுக்குள் வந்துவிடுங்கள். பள்ளியறைப் பூஜைக்காகச் சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்கு எடுத்து வருவார்கள். பிராகாரத்தில் நின்றபடி அதை யாரும் பார்க்கலாம், இந்துவா என்று கேட்கும் இடத்துக்கு வெளியேதான் அது கடந்து போகும். சம்பந்தியம்மாவைச் சுவரோரமாக நிற்க வையுங்கள். முன்னால் ஓட வேண்டாம், பல்லக்குத் தூக்கிகளுக்கு வழி வேண்டும். சாமரமும் மேளமும் சாம்பிராணிப் புகையும் பக்கத்தில் வரும்போது கை கூப்பச் சொல்லிக் கொடுக்க வேண்டியே இருக்காது. தானாகக் கூப்புவார், நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பல்லக்கு உள்ளே போன பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். குளத்துப் படியில் கொஞ்ச நேரம் நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். காவலர் நடை சாத்தும் நேரமாயிற்று என்று சொல்லும் வரை இருக்கலாம்.